தாது இருக்கும் இடத்தில்தான் சுரங்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வணிகவியல் முதுகலை படிக்கிறேன். உலோக விலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘உலகின் மிகக் கடினமான தொழில்களில் ஒன்று சுரங்கத் தொழில்’ என்று ஒரு வரி வருகிறது. எனக்கு அது புரியவில்லை. மின்சார வாகனம், சூரிய மின்சாரம், மின்கம்பி என்று எங்கே திரும்பினாலும் தாமிரமும் லித்தியமும் நிக்கலும் வேண்டும் என்கிறார்கள். வாங்க ஆள் காத்திருக்கும்போது விற்பவருக்கு என்ன கஷ்டம்? விலையை ஏற்றலாம், புதிய சுரங்கம் தோண்டலாம். ‘மக்கள் எதிர்ப்பு’ என்று நிறுவனங்கள் சொல்வதும் எனக்குச் சாக்காகத்தான் தெரிகிறது. விளக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விலையை ஏற்றலாம் என்கிறீர்கள். சோப்பு விற்பவரால் முடியும். அவர் வேறு பெயர், வேறு வாசனை, வேறு உறை என்று போய்விடலாம். தாமிரம் விற்பவரால் அது முடியாது. சிலியில் எடுத்த தாமிரத் தகடும் காங்கோவில் எடுத்ததும் ஒன்றுதான். விலை லண்டன், ஷாங்காய் சந்தைகளில் முடிவாகிறது. சுரங்கம் நடத்துபவர் அதைக் காலையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

லித்தியத்தைப் பாருங்கள். 2022 நவம்பரில் சீனாவில் ஒரு டன் லித்தியம் கார்பனேட் ஏறக்குறைய 6 லட்சம் யுவான். 2024 தொடக்கத்தில் சுமார் 1 லட்சம். தேவை குறையவில்லை, மின்சார வாகன விற்பனை கூடிக்கொண்டுதான் இருந்தது. உச்ச விலையை நம்பிக் கடன் வாங்கியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். நிக்கலிலும் இதே கதை. இந்தோனேசியா 2020 ஜனவரியில் பதப்படுத்தாத நிக்கல் தாதுவின் ஏற்றுமதியைத் தடை செய்தது. சீன முதலீட்டில் அங்கேயே உருக்காலைகள் எழுந்தன. இன்று உலக நிக்கலில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. விலை விழுந்தது. பிஎச்பி போன்ற பெரிய நிறுவனமே மேற்கு ஆஸ்திரேலியாவில் தன் நிக்கல் உற்பத்தியை 2024 அக்டோபரில் நிறுத்திவைத்தது.

சரி, புதிய சுரங்கம். தொழிற்சாலை கட்டுபவர் இடம் பார்ப்பார். துறைமுகம் பக்கமா, தண்ணீர் உண்டா, அரசு என்ன சலுகை தருகிறது என்று நாலு இடம் பார்த்து ஒன்றைப் பிடிப்பார். பிடிக்காவிட்டால் பத்து வருடம் கழித்து இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போவார். சுரங்கத்துக்கு இந்த வாய்ப்பே கிடையாது. தாது எங்கே கிடக்கிறதோ அங்கேதான் தோண்ட வேண்டும். அந்த நாட்டின் அரசு, அந்த மலையின் தண்ணீர், அங்கே ஏற்கனவே வாழும் மக்கள் எல்லாம் சேர்ந்துதான் வரும். நான் ‘கடினம்’ என்று எழுதியது இதை வைத்துத்தான்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவின் சிமாண்டு மலைத்தொடரில் 65 சதவீதத்துக்கு மேல் இரும்பு உள்ள அருமையான தாது இருக்கிறது. ரியோ டின்டோ என்ற பெரிய சுரங்க நிறுவனம் அங்கே ஆய்வு உரிமம் பெற்றது 1997இல். ஆனால் கடலுக்கு வழியில்லை. 600 கிலோமீட்டருக்கு மேல் ரயில்பாதை போட வேண்டும், துறைமுகம் கட்ட வேண்டும். நடுவில் ஆட்சிகள் மாறின, உரிமத்தில் பாதி பறிபோனது, வழக்குகள் நடந்தன. முதல் கப்பல் புறப்பட்டது 2025இன் கடைசியில். 28 ஆண்டுகள்! விலை ஏறியதும் உற்பத்தியைக் கூட்டு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இந்தத் தொழிலில் விலையின் கடிகாரம் வேறு, சுரங்கத்தின் கடிகாரம் வேறு.

தாதுவின் தரமும் இறங்கிக்கொண்டே வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிங்காம் பள்ளத்தாக்கில் 2 சதவீதத் தாமிரத் தாதுவைத் தோண்டப் புறப்பட்டபோது, இவ்வளவு ஏழைத் தாதுவில் லாபம் வராது என்று துறைக்காரர்களே சொன்னார்கள். இன்று 0.6 சதவீதம் கிடைத்தாலே தோண்டுகிறார்கள். அதாவது ஒரு டன் தாமிரத்துக்குக் குறைந்தது 165 டன் பாறையை உடைத்து மாவாக்க வேண்டும். மேலே மூடியிருக்கும் வெற்றுப் பாறை இந்தக் கணக்கில் இல்லை. தரம் இறங்க இறங்க டீசல், மின்சாரம், தண்ணீர் எல்லாம் கூடும். சிலியின் எஸ்கோண்டிடா சுரங்கம் இருப்பது பாலைவனத்தில். கடல்நீரை உப்பு நீக்கி, 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏற்றித்தான் தாதுவைக் கழுவுகிறார்கள்.

உடைத்து மாவாக்கிய அந்த 165 டன்னில் ஒரு டன் தாமிரம் போக மீதி? அது ஈரச் சேறாக, அணைகட்டித் தேக்கப்படுகிறது. மக்கள் எதிர்ப்பு சாக்கு என்று நீங்கள் எழுதியதை இங்கே அழுத்தமாக மறுக்கிறேன்.

2019 ஜனவரி 25. பிரேசிலின் புருமாடின்யோ. வாலே நிறுவனத்தின் இரும்புச் சுரங்கத்தில் 86 மீட்டர் உயரக் கழிவு அணை மதிய உணவு நேரத்தில் உடைந்தது. அணைக்குக் கீழேதான் ஊழியர்களின் உணவகமும் அலுவலகமும் இருந்தன. 270 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். அணை உறுதியாக இருக்கிறது என்று சில மாதங்களுக்கு முன்புதான் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். அதற்கும் முன்னால், 2015இல், அதே மாநிலத்தில் வாலேக்குப் பாதிப் பங்குள்ள இன்னொரு நிறுவனத்தின் அணை உடைந்து 19 பேர் இறந்திருந்தார்கள். உணவகத்தை அங்கிருந்து மாற்ற மூன்று வருடத்துக்கு மேல் இருந்தது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு நின்றுவிடுகிறது. இதைக் கேள்விப்பட்ட ஒரு ஊர், தன் தலைக்கு மேலே அப்படி ஓர் அணை வேண்டாம் என்றால் அது சாக்கா?

காகிதத்தில் உரிமம் இருந்தால் போதும் என்ற காலமும் போய்விட்டது. 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கிய பாறைக்குகைகளை ரியோ டின்டோ வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி இருந்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் வேண்டாம் என்றார்கள். தகர்த்த பிறகு எழுந்த கோபத்தில், சில மாதங்களிலேயே தலைமை நிர்வாகியும் இரண்டு மூத்த அதிகாரிகளும் பதவி விலக வேண்டியதாயிற்று.

பனாமாவில் ஃபர்ஸ்ட் குவாண்டம் நிறுவனம் 1,000 கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கட்டிய தாமிரச் சுரங்கம் 2019இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2023 அக்டோபரில் அரசு அதற்குப் புதிய ஒப்பந்தம் போட்டது. மக்கள் வாரக்கணக்கில் சாலைகளை மறித்தார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. சுரங்கம் நின்றது. இயந்திரம், பணம், தாது, வாங்குபவர் எல்லாம் தயாராக இருந்தும் நின்றது. இதை முதலீட்டாளர்கள் ‘அரசியல் அபாயம்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சுற்றியிருப்பவர்களின் சம்மதத்தைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதிவந்ததன் விலை என்றே நான் பார்க்கிறேன்.

அப்புறம் உருக்காலைகள். வழக்கமாகச் சுரங்கம்தான் உருக்காலைக்குப் பதப்படுத்தும் கூலி கொடுக்கும். சீனாவில் ஆலைகள் பெருகி, கொண்டுவரத் தாது போதாமல், தாமிரத்துக்கான அந்தக் கூலி 2024இல் டன் தாதுச்செறிவுக்கு (பாறையைப் பிரித்தெடுத்த பிறகு கிடைக்கும் தாமிரம் மிகுந்த தூள்) 80 டாலரிலிருந்து 2025இல் 21.25 டாலருக்கு விழுந்தது. தாமிரம் விலை ஏறிய அதே நேரத்தில் தாமிரம் உருக்குபவர் நஷ்டத்தில்.  

நீங்கள் கணக்குப் படிப்பவர் என்பதால் கடைசியாக ஒன்று. கனடாவின் யெல்லோநைஃப் அருகே ஜயன்ட் என்றொரு தங்கச் சுரங்கம். அதன் உரிமையாளர் 1999இல் திவாலானார். நிலத்தடியில் 2,37,000 டன் ஆர்சனிக் நச்சுத் தூள் அப்படியே கிடந்தது. தங்கத்தின் லாபம் எப்போதோ பிரித்தாகிவிட்டது. அந்தத் தூளை உறையவைத்து, தண்ணீர் படாமல் என்றென்றைக்கும் காவல் காப்பது இப்போது அரசின் செலவு. அடுத்த முறை ஒரு சுரங்க நிறுவனத்தின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால், லாபத்தை விட்டுவிட்டு, சுரங்கத்தை மூடுவதற்கான ஒதுக்கீடு பற்றிய குறிப்புக்கு நேராகப் போங்கள். எத்தனை வருடம் கழித்து மூடுவதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், எந்தத் தள்ளுபடி விகிதம் (வருங்காலச் செலவை இன்றைய மதிப்புக்குச் சுருக்கும் விகிதம்) போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த விகிதத்தை ஒரு சதவீதம் குறைத்துப் போட்டுப் பார்த்து, வரும் தொகையை எனக்கு எழுதுங்கள்.