கிரேக்கக் கப்பல் மேல் போட்ட பழி

வணக்கம் சார்,

சென்ற வாரக் கட்டுரையில் ஸ்காட்லாந்தின் கிரின்யர்ட் தீவை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ரகசியமாக ஆந்த்ராக்ஸ் குண்டு சோதித்த இடம் என்று பிறகு படித்தேன். ஹிட்லரிடம் இப்படி ஓர் ஆயுதம் இருக்குமோ என்ற பயத்தில் செய்திருக்கிறார்கள். கடைசிவரை பயன்படுத்தவும் இல்லை. ஜப்பான்காரர்கள் சீனாவில் மனிதர்கள் மேலேயே சோதித்தார்கள். இங்கே செத்தது ஆடுகள்தானே, இதைப் பெரிய குற்றம்போல் பேச வேண்டுமா? அந்தத் தீவுக்கு இன்றும் யாரும் போக முடியாதாமே?

எஸ்., தேனி

அன்புள்ள எஸ்.,

ஆந்த்ராக்ஸ் என்றால் ஏதோ தூரத்துச் சமாச்சாரம் போல இருக்கிறது. நம் ஊரில் அதற்குப் பெயர் அடைப்பான். மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும் என்பார்கள். ரத்தம் சிந்திக் காற்றுப் பட்டதும் அந்தக் கிருமி கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு ஸ்போராக மாறிவிடும். அப்புறம் வெயிலோ மழையோ அதை ஒன்றும் செய்யாது. மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

அந்த ஸ்போரைத்தான் 1942இல் போர்ட்டன் டவுன் என்ற பிரிட்டிஷ் ராணுவ ஆய்வகத்தின் விஞ்ஞானி பால் ஃபில்டெஸின் குழு குண்டில் அடைத்துக் கொண்டுபோனது. ஆளில்லாத தீவு, 196 ஹெக்டேர். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். 80 ஆடுகளை ஏற்றிப்போனார்கள். கலரில் படமும் பிடித்தார்கள், அதை 1997இல்தான் வெளியே விட்டார்கள். உயரமான கம்பத்து நுனியில் குண்டு வெடிக்கிறது. பழுப்பாக ஒரு புகை எழுந்து, அவசரமே இல்லாமல் காற்றோடு ஆடுகள் பக்கம் நகர்கிறது. சில நாளில் ஆடுகள் சாக ஆரம்பித்தன.

ஜப்பான் செய்தது இதைவிடப் பல மடங்கு கொடுமை, அதில் பேச்சே இல்லை. ஆனால் பிரிட்டன் வெறும் பயத்தில் செய்தது என்பதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். ஆளி விதைப் பிண்ணாக்கில் அடைப்பான் ஸ்போரை வைத்து 50 லட்சம் வில்லைகள் தயாராக வைத்திருந்தார்கள். விமானத்திலிருந்து ஜெர்மன் மேய்ச்சல் நிலங்களில் வீசுவது திட்டம். அதற்கு 'வெஜிடேரியன்' என்று பெயர் வேறு! பெயர் வைத்தவருக்கு நக்கல் அதிகம். போருக்குப் பின் வில்லைகளை எரித்துவிட்டார்கள்.

என்னை உறுத்துவது வேறு. செத்த ஆடுகளைப் பாறைச் சரிவின் அடியில் போட்டு, வெடி வைத்து மேலே சரித்து மூடினார்கள். (நம் ஊர் கால்நடை டாக்டர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.) அதில் ஒரு ஆடு கடலில் மிதந்து எதிர்க்கரையில் ஒதுங்கியது. அங்கே கால்நடைகள் செத்தன. விவசாயிகள் கேட்டபோது, ஏதோ கிரேக்கக் கப்பல் நோய்பட்ட ஆட்டைக் கடலில் வீசிவிட்டது என்று கதை கட்டி நஷ்ட ஈடு கொடுத்தார்கள். ஜெர்மனிக்குத் தெரியக் கூடாது, சரி. எதிர்க்கரையில் ஆடு மேய்க்கிறவருக்குமா தெரியக் கூடாது? அடுத்த ஆடு ஒதுங்கினால் அவர்தானே காலைப் பிடித்து இழுத்துப் போடுவார்?

போர் முடிந்தும் தீவு அப்படியே கிடந்தது. 1981இல் 'டார்க் ஹார்வெஸ்ட்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டம் அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி, போர்ட்டன் டவுன் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டது. பரிசோதித்தால் உள்ளே அடைப்பான் கிருமி. உங்கள் சரக்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

1986இல் சுத்தம் செய்ய இறங்கினார்கள். 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து தீவெங்கும் தெளித்தார்கள். மோசமான இடங்களில் மேல்மண்ணை வாரி எடுத்தார்கள். கிருமி போய்விட்டதா என்று பார்க்க, மறுபடியும் ஆடுகளைத்தான் கொண்டுபோய் மேயவிட்டார்கள். இந்த முறை அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே, யாரும் போக முடியாது என்பது பழைய கதை. 1990 ஏப்ரலில் ஓர் அமைச்சர் வந்து எச்சரிக்கைப் பலகையை எடுத்தார். அடுத்த வாரமே பழைய உரிமையாளரின் வாரிசுகள் தீவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அரசுக்கு விற்ற அதே 500 பவுண்டுக்கு.