நோய்க்கால வானொலி – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

கொரோனா காலத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், சமுதாய வானொலி எனப்படும், கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் அந்தந்த ஊருக்காக நடத்தும் உள்ளூர் வானொலிகளில் நடந்த உரையாடல்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்று குறைபட்டிருந்தீர்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகத் தெரிந்தது. 2020-இல் ஆளாளுக்குக் கையில் போன் இருந்தது. வாட்ஸப்பில் வராத தகவலா? யாருக்காவது போன் போட்டால்கூட இருமல் சத்தத்தோடு அறிவுரைதான் முதலில் வரும். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் கேட்காத ஒரு எஃப்எம் இதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும்? அமெரிக்காவில் பொது வானொலியை மக்கள் நன்கொடை கொடுத்து நடத்துகிறார்கள், அது வேறு கதை. நம் ஊரில் கல்லூரி மாணவர்கள் நடத்துவதை அதோடு ஒப்பிடலாமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

பாதி நீங்கள் சொல்வது சரிதான். அன்று தகவலுக்குப் பஞ்சமே இல்லை. அந்த இருமல் தொடங்கி, நோயோடு போராடுங்கள், நோயாளியோடு போராடாதீர்கள் என்று அந்தக் குரல் முடிப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். ஆனால் அந்தக் குரலிடம் ஒரு சந்தேகம் கேட்க முடியாது. வாட்ஸப்பில் கேட்கலாம், பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள்.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்று நடத்தும் வானொலியில் நான் கேட்டதைச் சொல்கிறேன். அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் இலவசப் பொருள்களும் என்று அரசு அறிவித்து, ரேஷன் கடைகளில் தேதி, நேரம் போட்ட டோக்கன் கொடுத்திருந்தார்கள். மாலை நேரடி நிகழ்ச்சியில் ஒரு டாக்டர் போனில் இருந்தார், கை கழுவுவது பற்றிப் பேச. வயதான ஓர் அம்மா லைனில் வந்தார். "டோக்கன்ல நாளைக்குன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு நேத்துலேர்ந்து காய்ச்சலு. நான் போனா சேத்துக்குவாங்களா, இல்ல ஊசி போட இழுத்துட்டுப் போயிருவாங்களா?"

டாக்டர் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று விசாரித்தார். அந்த அம்மாவுக்கு டிகிரி பற்றிக் கவலை இல்லை, அரிசி பற்றித்தான் கவலை. நிகழ்ச்சி நடத்திய பெண் குறுக்கிட்டு, "இருங்க அத்தை, ஒரு பாட்டு கேட்டுட்டிருங்க, கடைக்காரர்கிட்டயே கேட்டுச் சொல்றேன்" என்றாள். பாட்டு முடிந்தது. "அத்தை, தேதி தவறினாலும் பொருள் கிடைக்குமாம். காய்ச்சல் உள்ள வீட்டுலேர்ந்து வரிசைக்கு வரவேண்டாம், அட்டையில பேர் இருக்கிற வேற யாராச்சும் அப்புறமா வந்து வாங்கிக்கலாம்னு சொல்றார்." அதன் பிறகுதான் டாக்டர் சொன்ன எதுவும் அந்த அம்மாவின் காதில் ஏறியிருக்கும். அதே கேள்வியோடு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனை வீடுகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்களோ, அவர்களுக்கும் பதில் கிடைத்தது.

ஒலி எல்லை குறைவு என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் இதன் பலமாகப் படுகிறது. பாம்பனில் 2016-இலிருந்து மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 இயங்குகிறது. அந்த ஏப்ரலில் பாம்பன்காரர்களின் கேள்வி வேறு. ஊரடங்கு ஒரு பக்கம், அதோடு ஏப்ரல் 15-இல் வழக்கமான மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் தடையை அந்த வருடம் மட்டும் 47 நாளாகக் குறைத்து மே 31-இல் முடித்தார்கள். இதன் அருமை திண்டுக்கல்லில் இருக்கும் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விசைப்படகு வைத்திருப்பவனுக்குத் தெரியும்.

இன்னொன்று, நோய் வந்தவர்கள் மேல் இருந்த பயம். சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது, நினைவிருக்கும். அப்படித் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டமே போட வேண்டியிருந்தது. நான் சொன்ன அதே வானொலியில், குணமாகி வீடு திரும்பிய பேருந்து நடத்துநர் ஒருவர் அரை மணி நேரம் பேசினார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு நன்றாக இருந்ததாம். வீட்டுக்கு வந்த பிறகு பால் கொடுக்க மறுத்த கடையைப் பற்றியும் சொன்னார். கடையின் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கேட்ட எல்லாருக்கும் எந்தக் கடை என்று தெரியும். மறுநாள் கடைக்காரர் மனம் திருந்திப் பால் பாக்கெட்டோடு போனார் என்றெல்லாம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் முகம் தெரிந்த ஒரு மனிதர், நோய் வந்து, பிழைத்து, வழக்கமான குரலில் பேசுகிறார் என்பதை ஊரே கேட்டது.

சரி, நீங்கள் சொல்வதில் உள்ள உண்மைக்கு வருகிறேன். எல்லா நிலையங்களிலும் இப்படி நடக்கவில்லை. தமிழ்நாட்டுச் சமுதாய வானொலிகளில் பெரும்பகுதி கல்லூரிகள் நடத்துபவை. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியதே நாட்டின் முதல் நிலையம். தொண்டு நிறுவனங்களுக்கு 2006-இல்தான் கதவு திறந்தது. ஊரடங்கில் மாணவர்கள் ஊருக்குப் போய்விட, பல இடங்களில் அரசு அனுப்பிய அறிவிப்புகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை வேண்டுமானால் மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்யலாம் என்பது விதி. உள்ளாட்சி நிர்வாகம் தரும் சுகாதார எச்சரிக்கை, தண்ணீர், மின்சாரம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ரேஷன் கடைக்கு அரிசி வந்துவிட்டது என்றால் தகவல். வரவில்லை என்றால், அது செய்தி ஆகிவிடுமோ? நிகழ்ச்சி நடத்திய அந்தப் பெண் பாட்டு ஓடும் நேரத்துக்குள் தகவலுக்கும் செய்திக்கும் இடையிலுள்ள எல்லையை எத்தனை முறை தாண்டியிருப்பாளோ!

2020 மே 22 மாலை இந்தியாவின் எல்லாச் சமுதாய வானொலிகளிலும் ஒரே நேரத்தில் ஒரு பேச்சு ஒலித்தது. பேசியவர் அன்றைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர். ஒரு பகுதி இந்தியில், ஒரு பகுதி ஆங்கிலத்தில். விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 ஆக உயர்த்த விரும்புவதாகச் சொன்னார், நிலையங்களுக்கு அது நல்ல சேதிதான். ஆனாலும் உள்ளூர் மொழியில் உள்ளூர்க்காரர் பேசத்தான் இந்த நிலையங்களுக்கு அனுமதியே. அவற்றை ஒன்றாகக் கோத்து டெல்லியின் குழாய் ஒலிபெருக்கி ஆக்கிவிட்டார்களே என்று அன்று எரிச்சல் வந்தது. இப்போதும் வருகிறது.

அமெரிக்காவைப் பற்றி: நன்கொடையில் நடக்கிறது என்பது பெருநகர நிலையங்களுக்குப் பொருந்தும். அலாஸ்காவில் பெத்தல் என்று ஒரு சிற்றூர். வெளியிலிருந்து சாலை கிடையாது. சுற்றிலும் உள்ள ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களுக்குச் சிறு விமானமோ படகோதான், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் வண்டி ஓட்டுவார்கள். அங்கே கேஒய்யுகே என்ற பொது வானொலி 1971 முதல் ஆங்கிலத்திலும் அங்குள்ள பழங்குடிகளின் யூபிக் மொழியிலும் பேசிவருகிறது. கொரோனாவில் வட்டார மருத்துவர்கள் அதில் வந்து மக்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொன்னார்கள். குழாய்த் தண்ணீரே வராத வீடுகள் அந்தப் பக்கம் ஏராளம், அங்கே போய் அடிக்கடி கை கழுவுங்கள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. இந்த நிலையத்தின் வரவில் சுமார் 70 சதவீதம் அமெரிக்க மத்திய அரசுப் பணமாக இருந்தது. 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே அது வேறு கதை என்று ஒதுக்க வேண்டாம், ஏறக்குறைய நம் கதைதான்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பது நம் விதி. சின்ன நிலையங்களில் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழையதை அழித்துவிடுவார்கள். நான் சொன்ன இரண்டு நிகழ்ச்சிகளும் இன்று இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் பக்கத்தில் வானொலி நடத்தும் கல்லூரி எதிலாவது தெரிந்தவர்கள் இருந்தால், 2020 ஏப்ரல், மே மாத ஒலிப்பதிவு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தக் காலத்தில் பலர் வீட்டிலிருந்தே போனில் பதிவு செய்து அனுப்பினார்கள், யாருடைய பழைய போனிலாவது கிடக்கும். கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.