தண்ணியில இறங்குற குட்டி ப்ளேன் வாங்கலாமா?

கேள்வி (ஆர்லாண்டோவிலிருந்து ஒரு வாசகர்): வணக்கம் சார். எனக்கு வயசு 49, பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, எல்லாம் செஸ்னா 172-லதான், 210 மணி நேரம். இப்ப நானும் ஒரு ஃப்ரெண்டும் சேர்ந்து தண்ணி, தரை ரெண்டுலயும் இறங்குற ரெண்டு சீட் ப்ளேன் வாங்கலாம்னு இருக்கோம். ஐகான் ஏ5 பார்த்தோம், சீரேங்கிற மாடல்ல பழைய ப்ளேன் ஒண்ணும் விலைக்கு வருது. வீக்எண்ட்ல ஏரிக்குப் போகணும், மயாமில தம்பி வீட்டுக்குப் போய்ட்டு வரணும். ஒத்துவருமா? வீட்ல இது வெட்டிச் செலவுங்கிறாங்க.

பதில்: வணக்கம் சார். முதல்ல தம்பி வீட்டை இந்தக் கணக்குலேர்ந்து எடுத்துடுங்க. ஆர்லாண்டோலேர்ந்து மயாமி நேர்கோட்டுல சுமார் 310 கிலோமீட்டர், ஏ5 சாவகாசமா போனா மணிக்கு 150 சொச்சம்தான், எதிர்காத்து அடிச்சா இன்னும் குறையும், ஃப்ளோரிடால கோடைக்காலம் மத்தியானம் ஆனா இடிமழை பிடிச்சுக்கும், அப்புறம் ஏர்போர்ட்லேர்ந்து தம்பி வீட்டுக்கு ஒரு கார் வேற பிடிக்கணும். கார்லயே கிளம்பியிருந்தா சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். போக்குவரத்துக்குத்தான் வேணும்னா உங்க செஸ்னாவே போதும்.

அடுத்தது எடை, இதைத்தான் யாரும் பேப்பர்ல எழுதிப் பார்க்கறதில்ல. ஏ5 மொத்தமா 1,510 பவுண்டு வரைக்கும் கிளம்பலாம், ஆள், பெட்ரோல், சாமான் எல்லாத்துக்கும் சேர்த்து மிஞ்சறது சுமார் 430 பவுண்டு, டேங்க் ஃபுல் பண்ணினா 20 கேலன், அதுவே 120 பவுண்டு. மிச்சம் 310, அதாவது 140 கிலோ. ரெண்டு பேரும் ஆளுக்கு 70 கிலோன்னா அங்கேயே கணக்கு முடிஞ்சுது, தண்ணி பாட்டில்கூட மேல்பாரம்தான். நீங்களும் ஃப்ரெண்டும் 85 கிலோ ஆளுங்கன்னா பாதி டேங்குக்கும் கொஞ்சம் கம்மியாத்தான் ஊத்திக்கிட்டுக் கிளம்பணும். ஒவ்வொரு ப்ளேனோட எடைத்தாளும் வேற வேற, வாங்கப்போற ப்ளேனோட தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

விலை. ஏ5-ஐ 2008-ல அறிவிச்சப்போ 1,39,000 டாலர்னாங்க, 2017-ல எல்லா வசதியோடயும் 3,89,000 ஆயிடுச்சு, 2024 ஏப்ரல்ல கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டுப் போச்சு, அப்புறம் அதோட சொத்துக்கள் கைமாறிச்சு. செகண்ட்ஹேண்ட் ஏ5 நல்ல ப்ளேன்தான், ஸ்பின்னுக்குள்ள, அதாவது சுத்திக்கிட்டே கீழ விழறதுல, சுலபத்துல மாட்டாத மாதிரி ரெக்கை பண்ணியிருக்காங்க, ஆனா பார்ட்ஸ் யார் தர்றாங்க, எத்தனை நாள்ல வரும்னு எழுத்துல வாங்கிக்காம பணம் கட்டாதீங்க. இன்ஜின் ரோட்டாக்ஸ், அதுக்குக் கவலையில்ல, ஊர் ஊருக்கு ஆள் இருக்கு. ஹல் (படகு மாதிரி இருக்கிற அடிப்பகுதி), லேண்டிங் கியர் (ஏத்தி இறக்குற சக்கரம்), ரெக்கை மடக்குற சாமான் இதெல்லாம் வெளியில கிடைக்காது.

சீரே உங்க ஃப்ளோரிடா சரக்குதான், 1992-லேர்ந்து பறக்குது. நிறைய சீரே கிட் வாங்கி வீட்டு கராஜ்ல கட்டினது, அதனால கட்டினவர் கை எப்படியோ ப்ளேனும் அப்படி. இன்னொண்ணு, சீரேக்கு வால்ல சக்கரம், செஸ்னா மாதிரி மூக்குல இல்ல, அதுக்குத் தனியா டிரெய்னிங் எடுத்து லாக்புக்ல கையெழுத்து வாங்கணும். பார்க்கப் போனா ஒரு மணி நேரம் தண்ணியில மிதக்கவிட்டுத் தூக்கி, ஹல்லுக்குள்ள எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு பாருங்க, கியரை ஒரு பத்து தடவை ஏத்தி இறக்கச் சொல்லுங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன், இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். இந்த மாதிரி ப்ளேன்ல ஆளைக் கொல்ற தப்புல முதலாவது, சக்கரத்தைக் கீழ விட்டுட்டுத் தண்ணியில இறங்கறது. சக்கரம் தண்ணியில குத்தும், மூக்கு உள்ள போகும், ஒரு நொடியில ப்ளேன் தலைகீழா கிடக்கும். திருப்பி யோசிச்சுப் பாருங்க, சக்கரத்தை மடக்கிக்கிட்டு ரன்வேல இறங்கினா அடிப்பகுதி தேயும், செலவு ஆகும், ஆனா பெரும்பாலும் நடந்து வெளிய வந்துடுவீங்க. எனக்கே ஒருதடவை ஆச்சு, ரன்வேலேர்ந்து கிளம்பி அஞ்சு நிமிஷத்துல பக்கத்து ஏரி, அவ்வளவு கிட்டதானேன்னு கியரை மடக்கவே இல்ல, பக்கத்துல இருந்த இன்ஸ்ட்ரக்டர் கையைத் தட்டினார், தண்ணி அப்போ முன்னூறு அடி கீழ இருந்துச்சு. அன்னிலேர்ந்து "தண்ணியில இறங்கறேன், சக்கரம் மேல இருக்கு"ன்னு வாய்விட்டுச் சொல்லிக் கண்ணால பார்க்காம இறங்கறதே இல்ல, தனியா போனாலும்.

ரெண்டாவது கண்ணாடி மாதிரி நிக்கிற தண்ணி. காத்தே இல்லாத காலை நேரம், பார்க்க அவ்வளவு அழகு, ஆனா எவ்வளவு உயரத்துல இருக்கோம்னு கண்ணுக்குத் தெரியாது. கரையோரமா வந்து, கொஞ்சம் பவர் வெச்சு, நிமிஷத்துக்கு 150 அடின்னு மெதுவா இறங்கி, தண்ணி தானா வந்து தொடுற வரைக்கும் காத்திருக்கணும். மூணாவது தாழப் பறக்குற ஆசை. 2017 மே மாசம் கலிஃபோர்னியா பெரியெஸா ஏரியில ஏ5 கம்பெனியோட டெஸ்ட் பைலட்டே மலைச்சந்துக்குள்ள தாழப் போய் வெளிய வரமுடியாம இறந்தார், கூட இருந்தவரும் போயிட்டார். அதே வருஷம் நவம்பர்ல பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே உங்க ஃப்ளோரிடாலயே ஏ5-ல கடல்மேல தாழப் பறந்து, விழுந்து இறந்தார். 100 குதிரைசக்தி ப்ளேன் அவசரத்துக்கு மேல ஏறாது, அதை மறக்கக்கூடாது.

அப்போ வாங்கலாமா? ரெண்டு பேரும் முதல்ல விண்டர் ஹேவன்ல ஜாக் பிரவுன்ஸ் சீப்ளேன் பேஸ் போங்க, சக்கரத்துக்குப் பதிலா ஃப்ளோட் (மிதவை) மாட்டின பைப்பர் கப்ங்கிற குட்டி ப்ளேன்ல, ரெண்டு நாள்ல சீப்ளேன் ரேட்டிங், அதாவது தண்ணியில இறங்குற ப்ளேன் ஓட்டுற தகுதி, முடிக்கலாம். அதுக்கு அப்புறமும் வருஷத்துக்கு நாப்பது அம்பது நாள் காலையில எழுந்து ஏரிக்குப் போவோம்னு தோணினா வாங்குங்க. உங்க ஊரைச் சுத்தி நூத்துக்கணக்குல ஏரி இருக்கு, இந்த ப்ளேனுக்கு அதைவிட நல்ல ஊர் கம்மி. என் ஓட்டு நல்லா கட்டின சீரேக்குத்தான். ஆனா இன்சூரன்ஸுக்கு எவ்வளவு ஆகும்னு கம்பெனி எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி அட்வான்ஸ் தராதீங்க, தண்ணி அனுபவம் இல்லாத பைலட்டுக்கு அதுதான் பெரிய செலவு, சிலர் மாட்டேன்னே சொல்லிடுவாங்க.

கேள்வி (மினியாபோலிஸிலிருந்து ஒரு வாசகர்): எங்க வீடே ஏரிக்கரையில. வாசல்லயே நிறுத்திக்கலாமா?

பதில்: முதல்ல அந்த ஏரியில சீப்ளேன் இறங்க அனுமதி இருக்கான்னு பாருங்க, உங்க ஸ்டேட்ல சில ஏரிக்குக் கட்டுப்பாடு உண்டு. இருந்தாலும் ராத்திரி பூரா தண்ணியிலயே விடாதீங்க, காத்து, அலை, பக்கத்துல போற படகு எல்லாம் ஹல்லை அடிக்கும். சாய்வா ஒரு ராம்ப் போட்டுச் சக்கரத்துல ஏத்திக்கறது நல்லது. ஒரு ஏரியிலேர்ந்து இன்னொரு ஏரிக்குப் போறப்போ ஹல்லுல நிக்கிற தண்ணியை வடிச்சு, ஒட்டின பாசியை எடுத்துட்டுத்தான் கிளம்பணும், ஜீப்ரா மஸல்ங்கிற ஏரியைக் கெடுக்குற சின்னச் சிப்பி பரவுறது அப்படித்தான். குளிர்காலத்துல ஏரி உறைஞ்சுடும், அதுக்கு ஒரு ஹேங்கர் வாடகையும் சேர்த்துக்குங்க.

கேள்வி (டாம்பாவிலிருந்து ஒரு வாசகி): என் வீட்டுக்காரர் போன மாசம் இப்படி ஒரு ப்ளேன் வாங்கிட்டார். நான் கூட உட்காரணும்ங்கிறார். எனக்கு நீச்சல் தெரியும், ஆனா பயமா இருக்கு. நான் என்ன தெரிஞ்சுக்கணும்?

பதில்: உங்க பயம் நியாயமானது மேடம், அவர்கிட்ட இதை அப்படியே காட்டுங்க. கவிழ்ந்தா வெளிய வர்றதுக்கு நீச்சல்குளத்துல சீட்டோட தலைகீழா கவிழ்த்துப் பழக்குற டிரெய்னிங் இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து போங்க, அதுக்கு முன்னாடி அந்த ப்ளேன்ல ஏறாதீங்க. காத்து ஊதுற லைஃப் ஜாக்கெட்டைக் கிளம்புறப்பவே மாட்டிக்கணும், ஆனா உள்ள இருக்கிறப்போ ஊதக்கூடாது, ஊதினா அது உங்களை மேல தூக்கி ஒட்டவெச்சுடும், முங்கி வாசலுக்குப் போக முடியாது. தலைகீழா இருக்கிறப்போ எந்தப் பக்கம் மேலன்னு புரியாது, அதனால முதல்ல ஒரு கையால கதவுச் சட்டத்தைப் பிடிங்க, அப்புறம்தான் இன்னொரு கையால பெல்ட்டைக் கழட்டணும், பிடிச்ச கையை விடாம அதோடயே வெளிய வரணும். வீட்டுல நாற்காலியில உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டு இருபது தடவை பண்ணிப் பாருங்க. இறங்குறப்போ அவர் சக்கரம் மேல இருக்குன்னு சொன்னா நீங்களும் குனிஞ்சு பார்த்து "ஆமா"ன்னு சொல்லுங்க, அவர் சொல்லலேன்னா நீங்க கேளுங்க.