எங்கள் மென்பொருள் குழுவுக்கு வந்த மூன்று பேரும் ஏன் போய்விட்டார்கள்?

கேள்வி: கோவையில் ஒரு சிறிய கட்டற்ற மென்பொருளை (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்) பராமரிக்கிறோம். ஊர் நூலகங்களுக்கான இரவல் பதிவேடு. பைத்தான் மொழியில் எழுதியது, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. நிரல் எழுதுபவர்கள் 14 பேர். அத்தனை பேரும் ஆண்கள், பாதிப் பேர் ஒரே கல்லூரி. போன வருடம் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ‘அனைவரும் வருக’ என்று போட்டோம், நடத்தை விதிகளும் சேர்த்தோம். இரண்டு பெண்களும் பார்வையற்ற நண்பர் ஒருவரும் வந்தார்கள். மூன்று மாதத்தில் மூவரையும் காணோம். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. எங்கே தப்பு?

பதில்: ‘யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை’ என்கிறீர்கள். எனக்குச் சந்தேகமே அந்த வரி மேல்தான். அவர்களிடம் யாராவது எதையாவது சொன்னார்களா?

ஒரு வேலை செய்யுங்கள். அந்த மூவரும் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்களை, அதாவது ‘என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கைகளை (சுருக்கமாக பிஆர்), திறந்து, அனுப்பிய தேதியையும் உங்கள் பக்கமிருந்து முதல் பதில் போன தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் கல்லூரி நண்பர்கள் அனுப்பியவற்றின் தேதிகளையும் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவில் ஒருமுறை இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். முதல் நிரலுக்கு 48 மணி நேரத்துக்குள் ரிவ்யூ (நிரலைப் பார்த்துக் கருத்துச் சொல்வது) கிடைத்தவர்கள் மறுபடி வந்து பங்களிப்பது மிக அதிகமாக இருந்தது. ஏழு நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் அநேகமாகத் திரும்பவே இல்லை. இது ஆண், பெண் எல்லாருக்குமான கணக்கு. ஆனால் அடி எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. உங்கள் கல்லூரிப் பையனின் பேட்ச் (அனுப்பிய திருத்தம்) நாலு நாள் கிடந்தால், டீக்கடையில் உங்களைப் பிடித்து “மச்சி, என் பிஆரைக் கொஞ்சம் பாருடா” என்பான். வெளியிலிருந்து வந்தவருக்கு அந்த டீக்கடை கிடையாது. அவருக்குத் தெரிவதெல்லாம் திரையில் அசையாமல் நிற்கும் ‘ஓப்பன்’ என்ற பச்சை நிறச் சொல்தான். இன்னொரு முறை கேட்டால் நச்சரிப்பதாக நினைப்பார்களோ என்று தயங்குவார், அப்படியே நழுவிவிடுவார்.

இதை நானே செய்திருக்கிறேன். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்னக் கருவியைச் சில வருடங்களுக்கு முன் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றும்போது ஒற்றைக் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பிழை இருந்தது. ஒரு பெண் அதைத் திருத்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்க்கலாம் என்று வைத்தேன். மூன்று ஞாயிறு போனது. அப்புறம் ஒருநாள் ராத்திரி நான் போட்ட பதில்: “டெஸ்ட் எங்கே?” அவ்வளவுதான். (டெஸ்ட் என்றால் திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சிறு நிரல்.) எனக்கு அது அவசரம், அவர் காதில் அது அதட்டல். அவர் திரும்ப வரவில்லை. இன்றைக்கு என்றால் இப்படி எழுதுவேன்:

“கொம்புப் பிழையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும். ‘கொ’, ‘கௌ’ இரண்டுக்கும் டெஸ்ட் இருந்தால் இன்றே சேர்த்துவிடலாம். ஏற்கெனவே இருக்கும் ‘கெ’ டெஸ்ட்டைப் பார்த்து எழுதினால் போதும். நேரமில்லை என்றால் சொல்லுங்கள், நானே எழுதிச் சேர்க்கிறேன்.”

மரியாதை ஒருபுறம் இருக்கட்டும். எது சரி, எது பாக்கி, எதைப் பார்த்துச் செய்வது, எப்போது முடியும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. புதியவருக்கு அதுதான் வேண்டும். 14 பேர் இருக்கிறீர்களே, வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வரும் எதற்கும் இரண்டு நாளுக்குள் பதில் போக வேண்டும். முழுதாகப் பார்க்க முடியாவிட்டால் “பார்த்தேன், சனிக்கிழமைக்குள் சொல்கிறேன்” என்றாலே போதும். டீக்கடையில் எடுக்கும் முடிவுகளையும் அன்றைக்கே கிட்ஹப்பின் இஷ்யூ பக்கத்தில் நாலு வரி எழுதிவிடுங்கள்.

சரி, அந்த ‘அனைவரும் வருக’. நம்மூரில் கல்யாணப் பத்திரிகையைச் சுவரில் ஒட்டிவிட்டு அழைத்தாயிற்று என்றால் சொந்தக்காரர் வருவாரா? வீடு தேடிப் போய்ப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். மென்பொருளிலும் அதே கதைதான். 2006-இல் கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் லினக்ஸ் கணினிகளுக்கான திரை முகப்பை உருவாக்கும் க்னோம் குழுவுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. உடனே பெண்களுக்கென்று தனியாக, போட்டியைப் பற்றிப் பேசாமல் கற்றுக்கொள்வதையும் வழிகாட்டியையும் முன்னால் வைத்து அறிவித்தார்கள். நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ‘பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லைங்க’ என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். அந்த முயற்சிதான் வளர்ந்து இன்று அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டமாக நிற்கிறது. மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை, உதவித்தொகை 7,000 டாலர். உங்களிடம் வருபவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதைச் சொல்லி வையுங்கள்.

பைத்தான் ஆட்களான உங்களுக்கு அமெரிக்கப் பைகான் மாநாட்டின் கதை தெரிந்திருக்கலாம். 2011-இல் அங்கே பேச்சாளர்களில் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவு. 2016-இல் நூற்றுக்கு நாற்பது. தகுதியைத் தளர்த்தவில்லை. ஏற்பாட்டாளர்கள் ஒவ்வொருவராகத் தேடி, ‘நீங்கள் இதைப் பற்றிப் பேசலாமே, விண்ணப்பியுங்கள்’ என்று தனித்தனியாக எழுதினார்கள். நீங்களும் உங்கள் மென்பொருளைத் தினமும் பயன்படுத்தும் நூலகர்களிடமிருந்து தொடங்குங்கள். நூலகர்களில் பெண்கள் நிறைய. அபராதக் கணக்கு எந்த இடத்தில் தப்பும் என்பது உங்கள் 14 பேரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தகுதி என்றதும் ஒரு விஷயம். கிட்ஹப்பில் போன லட்சக்கணக்கான புல் ரிக்வெஸ்ட்களை அலசி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்கள் அனுப்பியதில் ஏறக்குறைய 79 சதவீதமும் ஆண்கள் அனுப்பியதில் ஏறக்குறைய 75 சதவீதமும் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் திட்டத்துக்குப் புதியவராக இருந்து, கிட்ஹப்பில் தம்மைப் பற்றிய பக்கத்தைப் பார்த்தாலே பெண் என்று தெரிந்தவர்களுக்கு ஏற்பு விகிதம் இறங்கிவிட்டது. அதனால் சொந்தப் பெயர் போடு, போட்டோ வை, மீட்டிங்கில் கேமராவைத் திற என்று யாரையும் கேட்காதீர்கள்.

உங்கள் உரையாடல் வாட்ஸ்அப்பிலா நடக்கிறது? அப்படியானால் குழுவில் சேரும் பெண்ணின் போன் நம்பர் அத்தனை பேருக்கும் போய்விடுகிறது. அன்று ராத்திரியே ‘ஹாய், எந்த காலேஜ்?’ என்று ஒன்று வரும். அவர் உங்களிடம் புகார் சொல்ல மாட்டார், குரூப்பைவிட்டு வெளியேறிவிடுவார். நம்பர் தெரியாத இடத்துக்கு மாறுங்கள். மேட்ரிக்ஸ், ஜூலிப் போன்ற அரட்டைச் செயலிகள் எதுவானாலும் சரி. கூட்டத்தை ராத்திரி ஒன்பதரைக்கு வைப்பதும் இதே ரகம்தான். அந்த நேரத்தில் யார் வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று யோசித்தால் யாரால் வர முடியாது என்பது புரிந்துவிடும். நேரில் சந்திப்பதென்றால் ஞாயிறு காலை பத்து மணி, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கம். விடுதி கேட் மூடுவதற்குள் மாணவிகள் திரும்பிவிடலாம்.

பார்வையற்ற நண்பர் விஷயத்தில் எனக்கு ஓர் ஊகம். உங்கள் குழுவில் பிழைச் செய்தியை எப்படிப் போடுகிறீர்கள்? ஸ்கிரீன்ஷாட்டாகத்தானே? திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதை ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். உங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பிழையை எழுத்தாக ஒட்டுங்கள். செலவே இல்லாத திருத்தம். என்விடிஏ தெரியுமல்லவா, உலகம் முழுக்கப் பயன்படும் கட்டற்ற திரைவாசிப்பான். 2006-இல் அதைத் தொடங்கிய மைக்கேல் கரன், சேர்ந்து வளர்த்த ஜேம்ஸ் டே இருவருமே பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள். உங்கள் நண்பரைச் ‘சோதனை செய்து சொல்லுங்கள்’ என்ற அளவில் நிறுத்தியிருந்தால் ஒரு நிரலரை வீணடித்திருக்கிறீர்கள்.

பெண்களுக்கும் இது பொருந்தும். மொழிபெயர்ப்பு, ஆவணம், நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவது, மகளிர் தினத்தன்று மேடையில் பூச்செண்டு. எல்லாம் வேலைதான், வெளியீட்டுக் குறிப்பில் பெயர் போட வேண்டிய வேலைகள்தான். ஆனால் திருத்தத்தை ஏற்று நிரலில் சேர்க்கும் மெர்ஜ் பட்டன் யார் கையில்? ‘இத்தனை பேட்ச் ஏற்கப்பட்டு, இத்தனை மாதம் கூட இருந்தால் மெர்ஜ் உரிமை’ என்று விதியை எழுதிப் போடுங்கள். எழுதாத விதி எப்போதும் நண்பனுக்குத்தான் சாதகமாக வளையும்.

நடத்தை விதிகளை எங்கிருந்து எடுத்தீர்களோ தெரியாது. பல திட்டங்கள் எடுத்தாளும் ஆயத்த விதித்தொகுப்பான கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்றால் 2.1 பதிப்பா, அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். 2021-இல் வந்த 2.1 பதிப்பில்தான் சாதி என்ற சொல் சேர்ந்தது. ‘சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, அப்பா என்ன பண்றார்’ என்ற கேள்வி எதற்கு என்பது நம்மூரில் கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். அதை நிறுத்த ஒரு பிடி கிடைக்கும். மீறினால் என்ன செய்வது என்பதற்கும் அந்த 2.1-இலேயே படிகள் உண்டு: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. உங்கள் கோப்பில் புகார் முகவரி என்ற இடத்தைப் போய்ப் பாருங்கள். காலியாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இரண்டு பேரைப் போடுங்கள், ஒருவராவது உங்கள் கல்லூரிக் கூட்டத்துக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும்.

கடைசியாக, போன மூவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ‘மறுபடி வாருங்கள்’ என்று கேட்க வேண்டாம். “உங்கள் பேட்ச் இத்தனை நாள் பதிலில்லாமல் கிடந்தது, எங்கள் தவறு. எது தடையாக இருந்தது என்று சொன்னால் திருத்திக்கொள்கிறோம். சொல்ல விருப்பமில்லை என்றாலும் சரி” என்ற அளவில் நிறுத்துங்கள். ஒருவேளை பதில் வந்தால், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.