மாநிலத்தில் அமோகமாக ஜெயித்த அமெரிக்க கவர்னர்கள் அதிபர் போட்டியில் ஏன் மண்ணைக் கவ்வுகிறார்கள்?

நீங்கள் இந்தியாவில் இருந்துகொண்டு செய்தி பார்ப்பவர் என்று நினைக்கிறேன். நான் இருப்பது அயோவா மாநிலத்தின் டி மொய்னில். எனக்கு இங்கே ஓட்டு கிடையாது, எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கவில்லை. முத்திரை குத்த வருபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்து வருபவர்.

ரிப்பப்ளிக்கன் கட்சியின் ரான் டிசாண்டிஸ் 2022-ல் புளோரிடா கவர்னர் தேர்தலில் சுமார் 19 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தவர். அடுத்து கட்சியின் அதிபர் வேட்பாளராக வேண்டும் என்று அயோவாவின் 99 கவுண்டிகளையும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுற்றினார். அவருக்காக டேப்லெட்டும் கையுமாக ஒரு பையன் எங்கள் தெருவுக்கு வந்தான். எனக்கு ஓட்டில்லை என்றதும் பக்கத்து வீட்டுக்குத் தாவினான். அங்கே ஓய்வுபெற்ற டிரக் டிரைவர், பரம ரிப்பப்ளிக்கன், புல்வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ட்ரம்ப் சொன்னதையெல்லாம் எங்கள் ஆள் சத்தமில்லாமல் செய்து முடிப்பார்" என்றான் பையன்.

"அதான் ட்ரம்பே நிற்கிறாரே, அப்புறம் இவர் எதற்குப்பா?"

பையன் டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு நகர்ந்தான்.

விஷயம் அவ்வளவுதான். மாநிலத்தில் தோற்கடித்தது எதிர்க்கட்சிக்காரரை. பிரைமரியில், அதாவது அதிபர் வேட்பாளரைக் கட்சிக்குள் தேர்ந்தெடுக்கும் போட்டியில், எதிரே நிற்பது சொந்தக் கட்சிக்காரர். அதுவும் 2018-ல் ஆதரவு கொடுத்து இவரைத் தூக்கிவிட்ட அதே ட்ரம்ப். அயோவாவில் அந்தப் போட்டி காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடி ஓட்டுப் போடும் கூட்டம். 2024 ஜனவரி 15 காக்கஸில் ட்ரம்புக்கு 51 சதவீதம், இவருக்கு 21. ஆறே நாளில் விலகிவிட்டார். விஸ்கான்சினின் ரிப்பப்ளிக்கன் கவர்னராக இருந்த ஸ்காட் வாக்கர் கதையும் இதுதான். தொழிற்சங்கங்களோடு மோதி, 2012-ல் பதவியைப் பறிக்க நடந்த தேர்தலிலும் தப்பித்தவர். 2015-ல் அதிபர் போட்டிக்கு வந்தால், சொந்தக் கட்சி வேட்பாளர்கள் நின்ற மேடையில் தொழிற்சங்கத்துக்குப் பரிந்து பேச ஒருவர்கூட இல்லை. வாக்கர் யாரோடு மோதுவார்? ஜூலையில் இறங்கியவர் செப்டம்பரில் மூட்டை கட்டினார்.

"கார்ட்டர், ரீகன், கிளின்டன், ஜூனியர் புஷ் எல்லாம் கவர்னராக இருந்து அதிபரானவர்கள்தானே" என்று கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ரீகனும் 1976-ல் சொந்தக் கட்சியின் அதிபர் ஃபோர்டிடம் தோற்றவர்தான். 1980-ல் கட்சிக்குள் அப்படி ஒரு ஆள் குறுக்கே இல்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. ஓட்டுப் போடும் பக்கத்து வீட்டுக்காரர் காக்கஸ் ராத்திரி குளிருக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார். வரி கட்டிக்கொண்டு கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் என் வீட்டுத் தபால்பெட்டியில், முன்பு குடியிருந்தவர் பெயருக்கு எல்லா வேட்பாளரின் நோட்டீஸும் தவறாமல் வந்தது.