ஒருவர் தின்ற இட்லி எல்லோர் கணக்கிலும் ஏறுவது ஏன்?

கேள்வி: பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் நிரலாளராக வேலை பார்க்கிறேன். அல்சூரில் என் அத்தை மெஸ் நடத்துகிறார். பக்கத்து விடுதிப் பிள்ளைகளின் பற்றுக் கணக்கை எழுத, பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு ஒரு சிறு மென்பொருள் செய்தேன். ‘வாடிக்கையாளர்’ என்ற கிளாஸில் (ஒவ்வொருவர் பதிவையும் வார்த்தெடுக்கும் அச்சு) பெயர், அறை எண், முன்பணம், டோக்கன்கள் என்று நான்கு பண்புகள். புதுப் பதிவு உருவாகும்போது பண்புகளுக்கு மதிப்பு தரும் ‘இனிட்’ செயற்கூற்றில் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை எழுதி அலுத்து, டேட்டாகிளாஸ் என்ற சுருக்க வழிக்கு மாறினேன். நிரல் பாதியாகிவிட்டது. ஆனால் 4ஆம் அறைக்காரர் வாங்கும் டோக்கன் எல்லோர் கணக்கிலும் ஏறுகிறது. முன்பணம் மட்டும் சரியாக இருக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. பழைய முறைக்கே திரும்பிவிடவா?

பதில்: திரும்ப வேண்டாம். நீங்கள் அனுப்பிய நிரலில் பெயருக்கும் அறை எண்ணுக்கும் அடுத்து முக்காற்புள்ளி வைத்து, அவை எழுத்துச்சரமா எண்ணா என்று வகை குறித்திருக்கிறீர்கள். மற்ற இரண்டு வரிகள் இப்படி இருக்கின்றன:

முன்பணம் = 0
டோக்கன்கள் = []

([] என்பது வெற்று லிஸ்ட், அதாவது காலிப் பட்டியல். பண்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தது பிடித்திருக்கிறது. பைத்தான் 3 அதைத் தாராளமாக ஏற்கும்.)

முக்காற்புள்ளி இல்லாததுதான் கோளாறு. 2018இல் பைத்தான் 3.7உடன் வந்த டேட்டாகிளாஸ், கிளாஸுக்குள் வகைக்குறிப்பு உள்ள பெயர்களை மட்டுமே தேடி எடுத்து, அவற்றுக்கு இனிட் எழுதித் தருகிறது. குறிப்பு இல்லாத வரியை அது கண்டுகொள்வதே இல்லை. சுருக்கெழுத்துத் தேர்வு எழுதியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பிட்மன் முறையில் ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறிவிடும்.

கண்டுகொள்ளாத வரி என்ன ஆகிறது? கிளாஸின் பொதுச்சொத்தாகிவிடுகிறது. மெஸ்ஸையே நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பற்று நோட்டு இருக்க வேண்டும். நீங்களோ கல்லாவுக்குப் பின்னால் ஒரே ஒரு கரும்பலகையை மாட்டியிருக்கிறீர்கள். தன் நோட்டு கிடைக்காத ஒவ்வொருவரும் அந்தப் பலகையைத்தான் பார்க்கிறார்.

அப்படியானால் முன்பணம் எப்படித் தப்பித்தது? அங்கேதான் பைத்தானின் குசும்பு. 0உடன் 500ஐக் கூட்டும்போது, பலகையில் இருக்கும் 0 படிக்கப்படுகிறது. விடையோ அந்த வாடிக்கையாளரின் சொந்த நோட்டில் புதிதாக எழுதப்படுகிறது. பலகை மாறுவதில்லை. டோக்கனை ‘அப்பெண்டு’ செய்யும்போது, அதாவது லிஸ்ட்டின் கடைசியில் சேர்க்கும்போது, புதிதாக எதுவும் எழுதப்படுவதில்லை. பலகையிலேயே ஒரு கோடு கூடுகிறது. ஆகவே முன்பணமும் சரியாக இல்லை, சரிபோல இருக்கிறது. வாடிக்கையாளரை உருவாக்கும்போதே முன்பணத்தையும் கொடுத்துப் பாருங்கள், பைத்தான் ஏற்க மறுக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் ஊகிக்கிறேன். முதலில் டோக்கன்களுக்கும் வகை குறித்திருப்பீர்கள். உடனே ‘வேல்யூ எரர்’ என்ற பிழைச்செய்தி வந்திருக்கும். வகைக்குறிப்பை எடுத்ததும் பிழை மறைந்திருக்கும், நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். உண்மையில் அந்தப் பிழைச்செய்திதான் உங்கள் காவல்காரன். வெறும் லிஸ்ட்டைத் தொடக்க மதிப்பாக வைத்தால் எல்லோரும் அதையே பகிர்ந்துகொள்வார்கள் என்பதால்தான் டேட்டாகிளாஸ் அதைத் தடுக்கிறது.

பிஎச்பி பழக்கமும் இதில் சேர்ந்திருக்கலாம். அங்கே ஸ்டேடிக் என்று வெளிப்படையாக எழுதினால்தான் பண்பு பொதுவாகும்; வகை எழுதாமல் விட்டாலும் அது தனிச்சொத்துதான். 2020இல் வந்த பிஎச்பி 8.0இன் சுருக்க வழியும் அப்படியே: கன்ஸ்ட்ரக்டரின் (பைத்தானின் இனிட் போன்றது) அடைப்புக்குறிக்குள் பெயருக்கு முன்னால் பப்ளிக் அல்லது பிரைவேட் என்று போட்டால் அறிவிப்பும் மதிப்பளிப்பும் ஒன்றாக முடிந்துவிடும். தொடக்க மதிப்பு வெற்று அர்ரே (பிஎச்பியின் பட்டியல்) என்றாலும் ஆபத்தில்லை, பிஎச்பி அர்ரேக்களை மதிப்பாகவே, அதாவது ஒவ்வொருவருக்கும் தனிப் படியாகவே, கையாளுகிறது. இரண்டு மொழியிலும் சுருக்கம் ஒன்றுபோலத் தெரிகிறது. விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும் விதம்தான் வேறு.

இனி மருந்து. டேட்டாகிளாஸஸ் தொகுதியிலிருந்து ‘பீல்டு’ என்பதையும் இறக்குமதி செய்யுங்கள். அந்த இரண்டு வரிகளையும் இப்படி மாற்றுங்கள் (பண்புப் பெயர்கள் தவிர மற்றவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்):

முன்பணம்: இன்ட் = 0
டோக்கன்கள்: லிஸ்ட் = பீல்டு(டீஃபால்ட்_ஃபேக்டரி=லிஸ்ட்)

கடைசியில் உள்ள லிஸ்ட்டுக்குப் பின் அடைப்புக்குறி போட்டுவிடாதீர்கள். பலர் இடறும் இடம் இது. பைத்தானிடம் நீங்கள் தர வேண்டியது ஒரு நோட்டை அல்ல, நோட்டு தைப்பவரை. ஒவ்வொரு வாடிக்கையாளர் வரும்போதும் அவர் புது நோட்டு ஒன்றைத் தைத்துத் தருவார்.

தொடக்க மதிப்பு உள்ள பண்புகளுக்குக் கீழே மதிப்பு இல்லாத பண்பைச் சேர்க்க முடியாது. நாளைக்குத் தொலைபேசி எண் சேர்ப்பதானால் அறை எண்ணுக்கு அடுத்து வையுங்கள். இன்னொன்று, இன்ட் என்று குறித்துவிட்டதால் எண் மட்டுமே வரும் என்று நம்ப வேண்டாம். படிவத்திலிருந்து ‘500’ எழுத்துச்சரமாக வந்தாலும் பைத்தான் வாய்திறக்காமல் வாங்கிக்கொள்ளும். சரிபார்ப்பு வேண்டுமானால் ‘போஸ்ட்_இனிட்’ என்ற செயற்கூற்றை நீங்களே எழுத வேண்டும்.

மாற்றியபின் ஒரு வாடிக்கையாளரை உருவாக்கி, அப்படியே பிரிண்ட் செய்து பாருங்கள். நான்கு பண்புகளும் தெரிய வேண்டும். இப்போதைய நிரலில் இரண்டுதான் தெரியும். அன்றே பிரிண்ட் செய்திருந்தால் பிழை அங்கேயே பல்லிளித்திருக்கும். பிறகு இருவரை உருவாக்கி, ஒருவருக்கு மட்டும் டோக்கன் போட்டு, மற்றவரின் லிஸ்ட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சேர்ந்துபோன பழைய டோக்கன்களைப் பிரிக்க முடியுமா என்பது, ஒவ்வொரு டோக்கனிலும் அறை எண்ணைப் பதிந்தீர்களா என்பதைப் பொறுத்தது. பதிந்திருந்தால் அறைவாரியாகப் பிரித்துவிடலாம். இல்லையென்றால் இந்த மாதக் கணக்கை அத்தையின் காகித நோட்டைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.