உதிரி வாங்கி அடுக்கி வைத்தால் போதுமா?

கேள்வி: விமானந்தாங்கிக் கப்பல்கள் உதிரிபாகம் இல்லாமல் மாதக்கணக்கில் துறைமுகத்தில் முடங்கிக் கிடப்பதாக அடிக்கடி படிக்கிறோம். கோடிகோடியாகக் கொட்டிக் கப்பல் வாங்கும் நாடுகள், ஒவ்வொரு பாகத்திலும் இரண்டைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே எழாதே?

பதில்: எழும். பிரெஞ்சுக் கடற்படையின் 'ஷார்ல் தெ கோல்' கப்பலில் எழுந்தது. 2000 நவம்பரில், சோதனை ஓட்டத்தின்போது, அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் வழியில் அதன் இடப்பக்கப் புரொப்பெல்லர் உடைந்தது. நீங்கள் சொல்கிறபடி உதிரிப் புரொப்பெல்லர்களும் வாங்கித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் உடைந்ததை ஆராய்ந்தபோது, உலோகத்தை வார்க்கும்போதே உள்ளே குமிழிகள் தங்கிவிட்டது தெரிந்தது. அதே குறை வலப்பக்கத்துப் புரொப்பெல்லரிலும் இருந்தது, பத்திரமாகக் காத்துவைத்த உதிரிகளிலும் இருந்தது. வார்த்துக் கொடுத்த நிறுவனம் அதற்குள் மூடப்பட்டுவிட்டது; வடிவமைப்பு ஆவணங்களோ தீ விபத்தில் அழிந்துபோயிருந்தன. வேறு வழியின்றி, 'கிளெமான்சோ', 'ஃபோஷ்' என்னும் பழைய கப்பல்களுக்கு உரிய உதிரிப் புரொப்பெல்லர்களை எடுத்துப் பூட்டினார்கள். 27 நாட் (மணிக்குச் சுமார் 50 கி.மீ.) வேகத்துக்குக் கட்டிய கப்பல், 2007-இல் தொடங்கிய பெரும் பராமரிப்பு வரை 24 நாட் அளவில்தான் ஓட முடிந்தது. காற்றை எதிர்த்து ஓடி, அந்த வேகத்தையும் விமானத்தின் இறக்கைக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய கப்பலுக்கு 3 நாட் என்பது சிறிய இழப்பு அன்று.

எந்தப் பாகம் எத்தனை நாள் தாங்கும், எந்த வழியாக வெளியே எடுக்கலாம், அதைத் திரும்பச் செய்து தர யாரிடம் வரைபடம் இருக்கிறது என்பவை எல்லாம் கப்பல் தாளில் இருக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. அமெரிக்காவின் 'ஜெரால்ட் ஃபோர்ட்' கப்பலைப் பாருங்கள். 2017-இல் பணியில் சேர்ந்த அந்தக் கப்பலில், நீராவிக்குப் பதிலாக மின்காந்த விசையால் விமானங்களை வீசி அனுப்பும் நான்கு ஏவுபொறிகள் உள்ளன. அவை மின்சேமிப்பு அமைப்பைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதால், பறப்பு நடக்கும் நேரத்தில் பழுதான ஒன்றின் பாகங்களுக்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டித்துச் சரிசெய்வது எளிதன்று என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவே எழுதியிருக்கிறது. கிடங்கு நிறைய உதிரி இருந்தாலும், அதை மாட்டும் வாய்ப்பை வடிவமைப்பு கொடுக்க வேண்டுமே.

தேய்ந்து தீரும் பொருள்களுக்கு உங்கள் யோசனை முற்றிலும் பொருந்தும். இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் எஃகு வடத்தை ஏறக்குறைய நூறு இறக்கங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது அமெரிக்க வழக்கம். அதை வாங்கி அடுக்கத்தான் வேண்டும். மற்றவை அப்படியல்ல. கார் விற்பவருக்கு லட்சம் வாடிக்கையாளர்கள் உண்டு, ஆகவே பத்தாண்டு கழித்தும் பாகம் கிடைக்கிறது. பத்துக் கப்பல்கள் கொண்ட அமெரிக்க 'நிமிட்ஸ்' வகைக்கும் அந்த வசதி ஓரளவு உண்டு. 'ஷார்ல் தெ கோல்' தன் வகையில் ஒரே கப்பல். ஒரே ஒருவருக்காக எந்தத் தொழிற்சாலை வார்ப்பு அச்சைக் காத்துக்கொண்டிருக்கும்?

கப்பல் ஓடினாலும் விமானம் பறக்காவிட்டால் பயனில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடற்படையின் மிக்-29கே விமானங்களைப் பற்றி 2016-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 65 எஞ்சின்களில் 40 எஞ்சின்கள் வடிவமைப்புக் குறைகளால் விலக்கப்பட்டன அல்லது ஏற்க மறுக்கப்பட்டன என்று பதிவு செய்தது. குறையுள்ள வடிவத்தில் இன்னும் நாற்பது வாங்கி வைத்திருந்தால் அந்த நாற்பதும் அதே குறையோடுதான் இருந்திருக்கும்.

நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டும் நம் கடற்படையிலேயே இருக்கிறது. புதிய 'விக்ராந்த்' கப்பலுக்கான எஃகு ரஷ்யாவிலிருந்து வராதபோது, ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் இந்திய எஃகு ஆணையமும் சேர்ந்து டிஎம்ஆர்-249 என்ற எஃகை உருவாக்கின. அதனால் பணி தாமதப்பட்டது உண்மை. ஆயினும் 2022 செப்டம்பரில் பணியில் சேர்ந்த அந்தக் கப்பலின் உடற்பகுதியில் நாளை ஒரு தகடு கிழிந்தால், எந்த நாட்டின் அனுமதிக்கும் காத்திராமல் அதே எஃகை இங்கேயே உருக்கி எடுத்து ஒட்டலாம்.